வேலியின் திணை

நகராட்சிச் சட்டங்களை யாரும் பிரதியாக வைத்து வாசிப்பதில்லை. வழக்கறிஞர்கள் படிக்கிறார்கள், மனை வாங்குபவர்கள் படிக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அது வந்து சேர்ந்தது தற்செயல். நகரத் திட்டமிடல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் மண்டலப்பிரிப்புச் சட்டத்திலிருந்து ஒரு பிரிவை அச்செடுத்துக் கொடுத்து, 'இதைத் தமிழில் போட்டுத் தாருங்கள், மாணவர்களுக்கு வேண்டும்' என்றார். நாலு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் வாங்கி வைத்தேன். மாதக்கணக்காகிவிட்டது.

விஷயம் இதுதான். அங்கே ஊர் மண்டலங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. இது வீட்டுக்கு, இது கடைக்கு, இது ஆலைக்கு. வேறுவேறு மண்டலத்தைச் சேர்ந்த இரண்டு மனைகள் ஒட்டி வரும் இடத்தில் நடுவே செடிகொடி நட்ட ஒரு பட்டை விடவேண்டும். அதைத்தான் பஃபர் என்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கடை வந்தால் இத்தனை அடி அகலம், ஆலை வந்தால் அதைவிடக் கூடுதல். ஒவ்வொரு நூறடி நீளத்துக்கும் இத்தனை பெருமரம், இத்தனை சிறுமரம், இத்தனை புதர். என்றும் இலை உதிராத இனம் பாதிக்குமேல் இருக்கவேண்டும். சில ஆண்டுக்குள் ஆறடி வளர்ந்து கண்ணை மறைக்கவேண்டும். பட்டுப்போனால் புதிது நடவேண்டும். செலவு பெரும்பாலும் 'தீவிரம் கூடிய' பக்கத்துக்காரருடையது. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். வாக்கிய அமைப்பு மட்டும் மாறுவதேயில்லை.

அந்த வாக்கிய அமைப்பில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நாலு பக்கத்திலும் மனிதர் ஒருவர்கூட இல்லை. 'பயன்பாடு' இருக்கிறது. 'தீவிரம் குறைந்த பயன்பாடு', 'தீவிரம் கூடிய பயன்பாடு', 'இணக்கமற்ற பயன்பாடு'. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. இரண்டு பயன்பாடுகளுக்குள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. எம்.ஏ.வில் இலக்கணம் படித்ததனால் வந்த வியாதியாக இருக்கலாம், எனக்கு இதைத் திணைவழுவாகத்தான் பார்க்க முடிகிறது. மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று பிரித்த தமிழ் இலக்கணம், ஒன்றை மற்றொன்றாகச் சொல்வதை வழு என்றது. ஆனாலும் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணை மாறினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று நன்னூலார் இடம் விட்டார். ஆசையில் பசுவை அம்மா என்கிறோம். கோபத்தில் மனிதனை மாடு என்கிறோம். இந்த ஐந்திலும் பேசுகிறவனுடைய நெஞ்சு வெளியே தெரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நகராட்சிச் சட்டம் செய்கிற திணைமாற்றத்தில் உவப்பும் இல்லை, இழிப்பும் இல்லை. நன்னூலாருக்குத் தெரியாத ஆறாவது காரணம் ஒன்று நவீன நிர்வாகத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதன் பெயர் நடுநிலை.

இந்த நடுநிலை வானத்திலிருந்து விழவில்லை. ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டி யூக்ளிட் என்றொரு கிராமம். 1922 நவம்பரில் அது ஒரு மண்டலப்பிரிப்புச் சட்டம் போட்டது. ஆம்ப்ளர் ரியால்ட்டி என்கிற நிறுவனத்துக்கு அங்கே 68 ஏக்கர் இருந்தது; ஒரு பக்கம் யூக்ளிட் அவென்யூ, மறுபக்கம் ரயில்பாதை. ஆலைக்கென்று விற்றால் ஏக்கர் பத்தாயிரம் டாலர், வீட்டுக்கென்றால் இரண்டாயிரத்து ஐந்நூறுதான், எங்கள் சொத்தைப் பறித்துவிட்டீர்கள் என்று அது வழக்குப் போட்டது. 1926இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கிராமத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிற்பாடு அந்நாடு முழுக்கப் பரவிய மண்டலப்பிரிப்புக்கு ஆதாரம் இந்தத் தீர்ப்பு. திட்டமிடல் புத்தகங்கள் இதைத் தோற்றக் கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நீதிபதி சதர்லாந்து எழுதிய தீர்ப்பில் இரண்டு உருவகங்கள் எல்லோருக்கும் தெரியும். தொல்லை என்பது தப்பான பொருளாகவே இருக்கவேண்டியதில்லை, சரியான பொருள் தப்பான இடத்தில் இருந்தாலும் தொல்லைதான் என்று சொல்லிவிட்டு, தொழுவத்தில் இருக்கவேண்டிய பன்றி வரவேற்பறைக்கு வந்ததை உதாரணம் காட்டுகிறார். பிறகு, தனித்தனி வீடுகள் உள்ள பகுதியில் கட்டப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்கிறார். தனிவீட்டுக்காரர்கள் உண்டாக்கி வைத்திருக்கும் திறந்தவெளியையும் அழகையும் உறிஞ்ச வந்ததாம் அது. வாடகைக்கு இருக்கிறவன் என்று ஒரு இடத்திலாவது சொல்வாரா என்று பார்த்தால் இல்லை, கட்டடத்தைத்தான் சொல்கிறார். ஒட்டுண்ணி என்பது கட்டடத்துக்கு வைத்த பெயரா, உள்ளே குடியிருப்பவனுக்கு வைத்த பெயரா? அஃறிணையில் பேசினால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விடலாம்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது உருவகங்கள் அல்ல, ஒரு அளவு. ஆம்ப்ளரின் நிலம் எப்படி வகுக்கப்பட்டிருந்தது என்பதைத் தீர்ப்பு ஓரிடத்தில் சும்மா தகவலாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அவென்யூவிலிருந்து முதல் 620 அடி இரண்டு குடும்பங்கள் வரை குடியிருக்கும் வீடுகளுக்கு. கடைசியில் ரயில்பாதை வரைக்கும் ஆலைகளுக்கு. நடுவே 130 அடிப் பட்டை ஒன்று. அது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு.

மறுபடி ஒருமுறை பாருங்கள். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஆலை. இரண்டுக்கும் நடுவில் இன்றைய சட்டம் மரம் நடச் சொல்லும் அதே இடத்தில், 1922இன் சட்டம் வாடகைக் குடித்தனங்களை நடச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் வந்தால் ஒட்டுண்ணி. ஆலைப் புகைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றால் ஒட்டுண்ணியும் உபயோகமானதுதான். ரயில்பெட்டியின் முனையில் பஃபர் என்று இரண்டு இரும்புக் குமிழ்கள் இருக்குமே, பெட்டிக்காக இடி வாங்குவது அவற்றின் தொழில். யூக்ளிட்டில் அந்தத் தொழிலுக்கு ஆட்கள் வைக்கப்பட்டார்கள், குறைந்தபட்சம் வரைபடத்தில். (நடைமுறையில் அந்த நிலம் வெகுநாள் சும்மா கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமான உதிரிபாக ஆலை வந்தது. பிறகு அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கார்ப் பாகங்கள் செய்தது. தீர்ப்பு காப்பாற்றிய வரைபடத்தை ஊரே பின்னால் மாற்றிக்கொண்டது. தீர்ப்பு மட்டும் நிற்கிறது.)

கீழ்நீதிமன்றத்தில் இதே வழக்கை 1924இல் விசாரித்த வெஸ்டன்ஹேவர் என்கிற நீதிபதி, இந்தச் சட்டம் கடைசியில் செய்வது மக்களை வருமானப்படி வகைபிரித்து ஒதுக்குவதுதான் என்று பச்சையாக எழுதினார். உயர்திணையில் பேசிய ஒரே ஆள். ஆகா, நம்ம ஆள் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கறுப்பர்களும் சில அந்நிய இனத்தவரும் ஒரு குடியிருப்புக்குள் வந்தால் சொத்து மதிப்பு விழுந்துவிடும் என்பது ஊரறிந்த உண்மை என்கிற தொனியிலும் அதே தீர்ப்பில் அவர் எழுதியிருக்கிறார். மனிதர்களை மனிதர்கள் என்று சொல்லிப் பேசுவதாலேயே ஒருவர் நல்லவராகிவிட மாட்டார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

யூக்ளிட்டுக்கு முன்னால் இந்த மொழி இவ்வளவு பக்குவப்படவில்லை. 1885இல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்ட்டோ நகரம் சலவைக் கடைகள் எல்லாம் ரயில்பாதைக்கு மேற்கே, ஜி தெருவுக்குத் தெற்கே மட்டும்தான் இருக்கலாம் என்று சட்டம் போட்டது. சலவை என்பது அஃறிணை. சலவைத் தொழிலில் இருந்தவர்கள் சீனர்கள். 1910இல் பால்ட்டிமோர் நகரம் மூடுமந்திரமே இல்லாமல் வெள்ளையர் தெரு, கறுப்பர் தெரு என்று எழுதிவைத்தது. அதுபோன்ற லூயிவில் நகரச் சட்டத்தை 1917இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. இனத்தின் பேரால் நேரடியாக வகுக்க முடியாது என்று ஆன ஒன்பதாவது ஆண்டில், பயன்பாட்டின் பேரால் வகுக்கலாம் என்ற தீர்ப்பு வருகிறது. ஒன்றிலிருந்துதான் மற்றது முளைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆலைப்புகை, தீ, நெரிசல் என்று உண்மையான காரணங்கள் நகரங்களுக்கு இருந்தன. ஆனால் ஒரு வாசல் மூடப்பட்டபோது பக்கத்து வாசல் திறந்திருந்ததைப் பலர் கவனித்தார்கள் என்பதை மறைக்கவும் முடியாது. 1930களில் வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் தரத் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் தன் மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு கையேடு கொடுத்தது. இயற்கையான தடைகளும் செயற்கையாக ஏற்படுத்திய தடைகளும் ஒரு குடியிருப்பைப் 'பாதகமான தாக்கங்களிலிருந்து' காக்கும் என்று அது சொன்னது. அந்தப் பாதகமான தாக்கங்களில் ஒத்துவராத இனத்தவர் உள்ளே நுழைவதும் ஒன்று. ஆகவே 1941இல் டெட்ராய்ட்டில், கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்டவந்த ஒருவர் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். சுவர் வந்தது, கடன் உத்தரவாதமும் வந்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. ஒரு பகுதியில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

சுவருக்கு ஒரு குறை உண்டு. அது வாயாடி. யார் யாரை ஒதுக்கினார்கள் என்பதை நின்ற இடத்தில் நின்று சொல்லிக்கொண்டேயிருக்கும். மரம் அப்படியில்லை. மரத்தைப் பார்த்து யாராவது கோபப்பட முடியுமா? நிழல் தருகிறது, குருவி கூடு கட்டுகிறது. நம்மூர்ப் பசுமைக் கட்டுரையாளர்கள் சிலரைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் சங்கடமும் இதுதான். பச்சை என்றால் குற்றமற்றது என்று முடிவுகட்டிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார்கள்.

பஃபர் பட்டைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் லேன் கெண்டிக். 1980இல் வெளிவந்த அவருடைய செயல்திறன் மண்டலப்பிரிப்பு பற்றிய நூலில்தான் அகலம் இவ்வளவு, செடி இவ்வளவு என்று ஒன்றுக்கு ஒன்று ஈடுகட்டும் கணக்கு விரிவாக வருகிறது. அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். இறுகிப்போன மண்டலங்களைத் தளர்த்தி, இன்னது இன்னதன் பக்கத்தில் வரவே கூடாது என்பதை மாற்றி, நடுவில் போதுமான பட்டை இருந்தால் வரலாம் என்று ஆக்குவதுதான் அவர் நோக்கம். சேர்த்துவைப்பதற்கான கருவி. நகராட்சிகள் கருவியை எடுத்துக்கொண்டன, நோக்கத்தை விட்டுவிட்டன. பழைய மண்டலங்களும் அப்படியே, அவற்றின் விளிம்பில் புதிதாகப் பட்டையும்.

சரி, இந்தப் பட்டை என்னதான் செய்கிறது? சத்தத்தைக் குறைக்கிறது என்பார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகமே சொல்லும் கணக்குப்படி, சத்தம் பத்து டெசிபெல் குறைய, அதாவது காதுக்குப் பாதியாகப் பட, ஊடுருவிப் பார்க்க முடியாத அடர்த்தியில் 200 அடி அகலத்துக்கு மரம் வேண்டும். பத்தடி, இருபதடிப் பட்டைகள் மனத்துக்கு ஆறுதல் தருமே ஒழியச் சத்தத்தைத் தடுக்கா. ஆக இந்தப் பட்டை காதுக்கானது அல்ல, கண்ணுக்கானது. பக்கத்தில் இருப்பது பக்கத்திலேயே இருக்கட்டும், தெரியாமல் இருந்தால் போதும். இலை உதிராத இனமாகத் தேடுவதன் காரணம் இப்போது புரிகிறது. குளிர்காலத்தில் இலை கொட்டினால் எதிர்ப்பக்கம் தெரிந்துவிடுமே!

இதுவரை எழுதியதை நண்பரிடம் காட்டினேன். 'அப்படின்னா ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவுல மரமே வேண்டாம்ங்கிறீங்களா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. லூயிசியானாவில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து மிசிசிப்பி ஆற்றை ஒட்டி மேலே போனால் நார்க்கோ என்று ஓர் ஊர். ஊர்ப் பெயரே ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனத்தின் முதலெழுத்துகள்தான். அங்கே டைமண்ட் என்ற நாலு தெரு. குடியிருந்தவர்கள் கறுப்பர்கள். ஒரு பக்கம் ஷெல்லின் ரசாயன ஆலை, மறுபக்கம் சுத்திகரிப்பாலை. அந்தக் குடியிருப்பின் போராட்டத்தை முன்னின்று நடத்தியவரும் 2004இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றவருமான மார்ஜி ரிச்சர்டின் வீடு ஆலைவேலியிலிருந்து 25 அடி. 1973இல் குழாயிலிருந்து கசிந்த வாயு ஒரு பையன் புல்வெட்டும் யந்திரத்தைக் கிளப்பியபோது தீப்பிடித்து, அவனும் வீட்டுக்குள் இருந்த ஒரு மூதாட்டியும் இறந்தார்கள். 1988இல் சுத்திகரிப்பாலை வெடித்து ஏழு தொழிலாளர்கள் செத்தார்கள்.

மரமே இல்லாத ஊர் அல்ல நார்க்கோ. ஒரு மரப்பட்டை இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். ஆலைக்கும் டைமண்டுக்கும் நடுவில் இல்லை. டைமண்டுக்கும் வெள்ளையர் வாழ்ந்த நார்க்கோவுக்கும் நடுவில் இருந்தது. புகைக்கும் கறுப்பருக்கும் இடையில் ஒரு கம்பிவேலி போதும். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையில்தான் காடு வேண்டியிருந்தது. பயன்பாடுகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்கிற மொழியை இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எது எதனோடு இணக்கமற்றதாகக் கருதப்பட்டது? எட்டுத்தொகைக்கு உரை எழுதுவதுபோல மெனக்கெட வேண்டியதில்லை, மரம் நின்ற இடமே உரை.

நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2002இல், நாலு தெருக்காரர்களும் விரும்பினால் வீட்டை விற்றுவிட்டு வெளியேற நிறுவனம் பணம் தர இணங்கியது. பெரும்பாலோர் போய்விட்டார்கள். வீடுகளை இடித்த இடத்தில் புல் வளர்கிறது. இப்போது ஆலையைச் சுற்றிப் பசுமையான பட்டை இருக்கிறது. மனிதர்கள் இருந்தவரைக்கும் வராத பஃபர், அவர்கள் போனதும் வந்தது. ஆகவே நண்பருக்கு என் பதில்: மரம் வேண்டும். டைமண்டுக்காரர்களுக்கு 1973க்கு முன்னாலேயே, 200 அடி அல்ல, அதைப்போலப் பல மடங்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவர்கள் எந்த மண்டலத்திலும் 'தீவிரம் குறைந்த பயன்பாடாக' எண்ணப்படவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது அமெரிக்கர்களைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்கும். நமக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் யூக்ளிட்டின் அந்த 130 அடி, மனிதர்களை வேலியாக நடும் அந்த யோசனை, என்னைத் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் இழுத்துக்கொண்டு போனது. அங்கே வேலியின் வரலாறு பழையது. 1660இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி யான் வான் ரீபெக், கேப் குடியேற்றத்தைச் சுற்றிக் காட்டு வாதுமையை வேலியாக நடச் செய்தார். கோய்கோய் மக்களும் அவர்கள் மாடுகளும் உள்ளே வராமலிருக்க. அதன் மிச்சம் கேப்டவுனின் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1936இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அந்த வாதுமைக் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் விஷம்.

1950இன் குழுவாரிப் பகுதிகள் சட்டம் வந்தபோது வேலி அறிவியலாகிவிட்டது. இன்ன இனத்துக்கு இன்ன பகுதி. இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஆறு, மேடு, ரயில்பாதை, நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, இவை எதுவும் இல்லாவிட்டால் வெற்றுநிலப் பட்டை. டர்பனில் இந்த வேலை மிகவும் கவனமாக நடந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய கூலிகளின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் வாழ்ந்த ஊர் அது. கேட்டோ மேனர், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகஸின் பேரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து அவர்களைப் பெயர்த்து 1960களில் சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பகுதிகளுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான். சாட்ஸ்வர்த் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் வெள்ளையர் குடியிருப்புகள். மறுபக்கம் ஆப்பிரிக்கர்களுக்கென்று உண்டாக்கிய உம்லாசி. நடுவில் இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள். நட்டவர்கள் தெரிந்துதான் நட்டார்கள்.

கடல்கடந்த தமிழர் பற்றி நம்மிடம் ஒரு பெருங்கதையாடல் இருக்கிறது. கரும்புத் தோட்டம், சவுக்கடி, காவடி, கோயில், மொழி மறந்தும் மறக்காத பண்பாடு. அதில் இந்த வரைபடம் இல்லை. பாதிக்கப்பட்டவனாக மட்டுமே தமிழனைப் பார்க்கப் பழகியதனால், பாதிக்கப்பட்டவனையே பஃபராக வைக்கலாம் என்பது நமக்கு உறைக்கவில்லை. வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு. சாட்ஸ்வர்த்தின் வீடு வெள்ளையன் வீட்டைவிட மட்டம், உம்லாசியின் வீட்டைவிடக் கொஞ்சம் மேல். அந்தக் கொஞ்சம்தான் வேலிக்குப் போட்ட உரம். 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியர்கள்மேல் ஆப்பிரிக்கர்கள் பாய்ந்த கலவரத்தில் அதிகாரபூர்வக் கணக்குப்படி 142 பேர் இறந்தார்கள். இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87, பெரும்பாலும் போலீசும் ராணுவமும் சுட்டு. முதல் எண்ணைச் சாட்ஸ்வர்த் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தது. இரண்டாவது எண் எவ்வளவு பேருக்கு நினைவிருந்தது என்று கேட்க வேண்டும். 1991இல் சட்டம் நீக்கப்பட்டது. 1994இல் முதன்முதலாக எல்லோரும் வாக்களித்த தேர்தலில் சாட்ஸ்வர்த்தின் இந்தியர்களில் பெரும்பாலோர், தங்களை அங்கே கொண்டுபோய் வைத்த அதே தேசியக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஓட்டைப் போட்ட கிழவியின் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் அவளைத் திட்டுவது சுலபம். முப்பது வருஷம் ஒருவரை இடி வாங்கும் இடத்தில் வைத்திருந்தால் அவருக்கு இடியைப் பற்றித்தான் தெரிந்திருக்கும், பெட்டியைப் பற்றித் தெரியாது. ஆனால் புரிந்துகொள்வதோடு முடித்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. டர்பனுக்கு வடக்கே 1976இல் இந்தியர்களுக்காக உண்டாக்கப்பட்ட ஃபீனிக்ஸ் இருக்கிறது. பக்கத்தில் இனாண்டா, குவாமாஷு. 2021 ஜூலையில் கொள்ளையும் கலவரமும் பரவியபோது ஃபீனிக்ஸ்வாசிகள் ஆயுதங்களோடு சாலைகளை மறித்துக் காவல் நின்றார்கள். அந்த நாட்களில் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் மட்டுமல்ல, வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் பெட்ரோல் போட வந்தவர்களும் அதில் உண்டு என்று இறந்தவர்களின் குடும்பத்தார் சொன்னார்கள். சட்டம் போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது.

நண்பருக்குக் கொடுக்கவேண்டிய நாலு பக்கத்தில் மூன்றரை முடிந்துவிட்டது. 'பயன்பாடு' வருகிற இடங்களில் பயன்பாடு என்றே போட்டிருக்கிறேன், வேறு வழியில்லை. 'பஃபர்' வருகிற இடங்களில் முதலில் 'வேலி' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். 'பஃபர்' என்றே இருக்கட்டும். ரயில்வே ஸ்டேஷனில் பார்த்திருப்பார்கள்.